முதுகுப்பையும் சமையலறைத் தராசும்

சென்ற வாரம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து வாகனத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது ஒரு தாயார் என்னை நிறுத்தினார். அவருடைய மூத்த மகன் இடைநிலைப்பள்ளியில் பயில்கிறான். சாரணர் குழுவோடு மலைமுகாமுக்குச் செல்லவிருக்கிறானாம். பள்ளியிலிருந்து வந்த தாளை நீட்டி, “ஐயா, இதில் எதை வாங்க வேண்டும், எதை விட்டுவிடலாம்?” என்று கேட்டார். தாளில் பதினெட்டுப் பொருள்கள் இருந்தன. நின்றபடியே படித்து முடித்தேன். படிக்கும்போதே நெஞ்சில் ஒரு பழைய முள் நெருடியது. காரணம், அதைப் போன்ற ஒரு பட்டியலை நானே ஒரு காலத்தில் எழுதி மாணவர்களிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

அது 2011ஆம் ஆண்டு. எங்கள் பள்ளியின் சாரணர் இயக்கத்திற்கு நான் பொறுப்பாசிரியர். கேமரன் மலையில் இரண்டு இரவு முகாம். ஆறாம் ஆண்டு மாணவர்கள் பன்னிருவர் செல்வதாக ஏற்பாடு. தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருப்பது. ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்பது அறிவியல் பாடத்தில் வருவதுதான். ஈப்போவில் வியர்த்துக் கொட்டும் பிள்ளைகள் அங்கே இரவில் நடுங்குவார்களே என்ற அச்சத்தில் பெரிய பட்டியல் ஒன்றைத் தயாரித்தேன். உறக்கப்பை, மலையேற்றக் காலணி, நீர்புகா மேலங்கி, நாற்பது லிட்டர் முதுகுப்பை, நெற்றி விளக்கு என்று நீண்டது அது. ஏதோ வெளிநாட்டு மலையேற்றக் கழகத்தின் பட்டியலைப் பார்த்து எழுதினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

புறப்படும் நாளன்று பதினொருவர்தாம் வந்திருந்தனர். வராதவன் குழுவிலேயே ஆர்வம் மிக்கவன். முடிச்சுப் போடுவதில் என்னையே மிஞ்சுபவன். காய்ச்சல் என்று செய்தி வந்தது. நானும் நம்பிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, யுபிஎஸ்ஆர் தேர்வு தொடர்பாக அவன் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அவன் தாயார் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர். தேநீர் கொடுத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றவர் சொன்னார்: “ஐயா, உங்க பட்டியலை எடுத்துக்கிட்டு ஈப்போவில கடைக்குப் போனேன். சப்பாத்து மட்டும் இருநூற்று எண்பது வெள்ளி. காய்ச்சல்னு சொல்லச் சொன்னது நான்தான். பிள்ளையை ஒன்னும் கேட்காதீங்க.” எனக்குத் தேநீர் இறங்கவில்லை. வாசலைப் பார்த்தேன். அங்கே சுவரோரமாக இரண்டு இணை கறுப்பு ரப்பர் சப்பாத்துகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்று தாயாருடையது, மற்றது அவன் மீன்பிடிக்கப் போகும்போது அணிவது. எங்கள் முகாமின் சேற்றுப் பாதைக்கு அதைவிடப் பொருத்தமான காலணி ஈப்போவின் எந்தக் கடையிலும் இல்லை. அது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். ஏனெனில் அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பே ஒரு மலை எனக்கு அதைக் கற்பித்திருந்தது. கற்றதைப் பட்டியல் எழுதும்போது மறந்துவிட்டேன்.

2004இல் சக ஆசிரியர்கள் மூவரோடு கோர்பு மலை ஏறினேன். தித்திவங்சா மலைத்தொடரின் மிக உயரமான சிகரம் அது, 2,183 மீட்டர். தீபகற்ப மலேசியாவின் உச்சமான தகான் மலையைவிட நான்கே மீட்டர் குறைவு. ஆறாண்டுகளுக்கு முன் நானூறு வெள்ளி கொடுத்து வாங்கி, இரண்டு முறை மட்டுமே அணிந்து, பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த தோல் காலணியை அணிந்து சென்றேன். பார்ப்பதற்குப் புத்தம் புதிது. இரண்டாம் நாள் காலையில் வலக்காலின் அடித்தளம் முன்பக்கமாக வாய் பிளந்தது. நண்பகலுக்குள் இடக்காலும் பிளந்தது. ராஃபியா கயிற்றால் சுற்றிக் கட்டிக்கொண்டு, அரைமணிக்கொருமுறை கட்டவிழ்ந்து, மறுபடி கட்டி, விழுந்து எழுந்து கீழே வந்து சேர்ந்தேன். எங்களுக்கு வழிகாட்டியாக வந்த பூர்வகுடி அன்பர் அணிந்திருந்தது அதே கறுப்பு ரப்பர் சப்பாத்து. நம் நாட்டில் வேடிக்கையாக ‘அடிடாஸ் கம்போங்’ என்று அழைக்கப்படுவது. அவர் என் காலைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்தியது.

காலணி கெட்டதற்குக் காரணத்தைப் பின்னர்தான் அறிந்தேன். இத்தகைய காலணிகளின் நடுத்தளம் பெரும்பாலும் பாலியூரித்தேன் என்னும் நுரைப்பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதன் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும். நம்மைப் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த நாட்டில் அது விரைவாக நிகழும். அணியாமல் பெட்டியில் மூடி வைத்தால் கெடாமலிருக்கும் என்பது நம் நினைப்பு. உண்மையில் அப்படி வைப்பதால் அதற்கு எந்தக் காப்பும் இல்லை. எனவே, பழைய காலணியை எடுப்போர் புறப்படுவதற்கு இரு வாரங்களுக்கு முன்பே அதைக் கையால் வளைத்துப் பாருங்கள். நடுத்தளத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பொடி உதிர்ந்தாலோ, வெடிப்புக் கண்டாலோ, அது எத்தனை வெள்ளிப் பொருளாயினும் மலைக்கு ஆகாது. மழை மேலங்கியின் உட்பூச்சுக்கும் கூடாரத்தின் தரைத்துணிக்கும் இதே கதிதான். பூச்சு பிசுபிசுவென்று ஒட்டி, ஒருவகைப் புளித்த வாடை வீசினால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

ரப்பர் சப்பாத்தில் இந்தத் தொல்லை எதுவுமில்லை. முழுவதும் ஒரே வார்ப்பு. பிரிவதற்கென்று ஒட்டிய அடித்தளம் இல்லை. அடியில் குமிழ்கள் இருப்பதால் சேற்றைப் பற்றும். ஆற்றில் இறங்கி ஏறினால் கவிழ்த்து உதறிவிட்டு நடக்கலாம். தோல் காலணி நனைந்தால் மூன்று நாள் உலராது, எடையும் கூடிவிடும். பாதத்திலுள்ள எடை முதுகிலுள்ள எடையைவிடப் பன்மடங்கு களைப்பைத் தரும் என்பதை நெடுந்தூரம் நடந்தவர்கள் அறிவர். ரப்பர் சப்பாத்தின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கூர்ங்கற்கள் உள்ளங்காலில் குத்தும், கணுக்காலுக்குத் தாங்கல் கிடையாது, வியர்வை வெளியேறாது. தடித்த காலுறையும் அளவில் ஒன்று கூடுதலான சப்பாத்தும் இருந்தால் பெரும்பகுதி சமாளிக்கலாம். அட்டைகளுக்கு முழங்கால்வரை வரும் காலுறை.

என் அம்மா பால்மரம் வெட்டியவர். விடியற்காலை ஐந்து மணிக்குக் காலில் ரப்பர் சப்பாத்து, நெற்றியில் விளக்கு, இடுப்பில் கத்தி என்று புறப்படுவார். மலையேறிகள் இன்று நூறு வெள்ளி கொடுத்து வாங்கும் நெற்றி விளக்கை, எங்கள் தோட்டத்து மக்கள் கார்பைடு காலத்திலிருந்தே கட்டிக்கொண்டு நடந்தவர்கள். அம்மாவின் கூடையில் வேலையில்லாத பொருள் ஒன்றுகூட இருந்ததில்லை. சுமந்து நடப்பவருக்குத் தெரியும். சுமக்காத நான்தான் பட்டியல் எழுதினேன்.

கோர்பு மலைக்கு நான் சுமந்த பையின் எடை பதினேழு கிலோ. திரும்பி வந்ததும் ஒரு வேலை செய்தேன். இன்றுவரை எவர் கேட்டாலும் முதலில் அதைத்தான் செய்யச் சொல்கிறேன். மனைவியின் சமையலறைத் தராசை எடுத்துவந்து, பையிலிருந்த ஒவ்வொரு பொருளையும் நிறுத்துக் குறிப்பேட்டில் எழுதினேன். பிறகு மூன்று குவியலாகப் பிரித்தேன்: நாள்தோறும் பயன்பட்டவை, ஒருமுறை பயன்பட்டவை, தொடவேயில்லாதவை. தடித்த குளியல் துண்டு அறுநூறு கிராம். மாற்றுக்கென்று வைத்த ஜீன்ஸ் எழுநூறு கிராம். பெரிய சார்டின் டின்கள் நான்கு, ஏறக்குறைய இரண்டு கிலோ. ஒரு நாவல், நானூறு கிராம், ஒரு பக்கமும் படிக்கவில்லை. தொடாத குவியல் மட்டும் நான்கு கிலோவைத் தாண்டியது! அந்தக் குவியலில் முதலுதவிப் பெட்டியும் மழை அங்கியும் இருந்தால் அவற்றை மட்டும் திரும்பப் பையில் வையுங்கள். பயன்படாமல் போனதற்காக மகிழ வேண்டிய பொருள்கள் அவை. மற்றவை வீட்டிலேயே இருக்கட்டும். எடையைக் குறைக்கும் வழிகளில் செலவே இல்லாதது இது ஒன்றுதான்.

இதை எண்ணும்போதெல்லாம் எம்மா கேட்வுட் அம்மையார் நினைவுக்கு வருவார். 1955இல், தம் 67ஆம் அகவையில், பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பின், அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையை ஒரே பயணத்தில் தனியாக நடந்து முடித்தவர். தூரம் மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். காலில் சாதாரணக் கேன்வாஸ் சப்பாத்து. தோளில் தாமே தைத்த துணிப்பை. மழைக்குக் குளியலறைத் திரை. எல்லாரும் அப்படியே செல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் நடந்தது வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம்வரை, கடுங்குளிர்காலத்தில் அன்று. ஆயினும் கடைக்காரர் நம்மிடம் ‘இது இல்லாமல் போகவே முடியாது’ என்று சொல்லும்போது அந்தக் குளியலறைத் திரையை நினைத்துக்கொள்வது நல்லது.

எடை குறைந்தது எல்லாம் நம்பத்தக்கது ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெளிநாடுகளில் காகிதம் போன்ற மெல்லிய துணியில் முதுகுப்பைகள் செய்கிறார்கள், அரைக்கிலோகூட இராது. அங்குள்ள திறந்த பாதைகளுக்கு அவை பொருத்தமானவை. நம் காட்டில் பிரம்பு முள் இருக்கிறதே! கொக்கி போட்டு இழுக்கும்; பையைக் கிழித்துவிட்டுத்தான் விடும். இங்கே சற்றுத் தடித்த நைலான் துணியே எனக்குப் பிடிக்கும். முந்நூறு கிராம் கூடினாலும் போகட்டும். அதோடு, பையை முதலில் வாங்காதீர்கள். கடைசியில் வாங்குங்கள். பெரிய பை வாங்கியவர் அதை நிரப்பாமல் விட்டதை நான் பார்த்ததேயில்லை. பொருள்களைச் சேர்த்து, அட்டைப் பெட்டி ஒன்றில் அடுக்கி, எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்த பிறகு அதற்கேற்ற பையைத் தேடலாம்.

மழைக்குப் பையின் மேல் உறை போடுவது வழக்கம். நம் ஊர் மழையில் நீர் முதுகு வழியாக இறங்கி உள்ளே புகும். உறை அதைத் தடுக்காது. பைக்குள்ளே தடித்த கறுப்புக் குப்பைப் பை ஒன்றை விரித்து, அதனுள் எல்லாவற்றையும் வைத்து, வாயை முறுக்கிக் கட்டினால் ஆற்றில் விழுந்தாலும் உறங்கும் துணி நனையாது. உறங்கும் துணி நனையாமலிருப்பது மிகமிக முக்கியம். நனைந்த உடம்பிலிருந்து நீர் வெப்பத்தை இழுத்துச் செல்லும் வேகம் உலர்ந்த காற்றைவிட ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு. உடல் வெப்பம் அளவுக்கு மீறிக் குறைவதற்குப் பனி பெய்ய வேண்டியதில்லை. மழை, காற்று, பருத்திச் சட்டை, களைப்பு, பசி ஆகிய ஐந்தும் சேர்ந்தால் நம் நாட்டு மலையுச்சியிலேயே போதும். நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளை நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொன்னால் அப்போதுதான் ஆசிரியர் அஞ்ச வேண்டும். பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் விளையாட்டுச் சட்டை விரைவில் உலரும். பள்ளியின் விளையாட்டுச் சட்டையே பாலியஸ்டர்தான். வாங்க வேண்டியதில்லை.

குளிரைப் பற்றி நான் எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். “பனி எல்லாம் நமக்கு எதற்கு ஐயா?” என்று ஒரு தந்தை ஒருமுறை கேட்டார். 1997 மே 23ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலாக மலேசியக் கொடியை நாட்டிய இருவரும் நம்மவர்களே: எம். மகேந்திரன், என். மோகனதாஸ். இதை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் ‘உண்மையாகவா ஐயா?’ என்றுதான் கேட்கிறார்கள். அதைத் தவிர, பனிநாடுகளுக்குப் படிக்கவும் வேலைக்கும் செல்லும் நம் பிள்ளைகள் எத்தனை பேர்!

2018 டிசம்பர் விடுமுறையில் நாங்கள் நால்வர் இந்தியாவின் உத்தராகண்ட் மாநிலத்திலுள்ள கேதார்காந்தா மலைக்குச் சென்றோம். டேராடூனிலிருந்து ஒரு பகல் முழுதும் வண்டியில் சென்றால் சாங்க்ரி என்னும் சிற்றூர் வரும். அங்கிருந்து நடை. உச்சி ஏறத்தாழ 3,800 மீட்டர். குளிர்காலத்திலேயே ஏறக்கூடிய மலை என்பதால் புதியவர்களும் வருகிறார்கள். கூடாரமும் வழிகாட்டியும் அவ்வூரில் ஏற்பாடு. உறக்கப்பை, பாய், உடை ஆகியவை எங்களுடையவை.

முதல் இரவு ஜூடா கா தாலாப் என்னும் குளத்தருகே தங்கினோம். உயரம் ஏறத்தாழ 2,700 மீட்டர். குளம் உறைந்து கிடந்தது. எங்களுள் இளையவர் ஒரு கணித ஆசிரியர். என்னைவிடக் கவனமாகத் தராசில் நிறுத்துப் பொருள் சேர்த்தவர். இணையத்தில் தேடித்தேடி ஆக எடை குறைந்ததை வாங்கியிருந்தார். அவருடைய உறக்கப்பையின் மேல் ‘−20’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பாய், காற்றூதி விரிப்பது. மடித்தால் ஒரு குவளை அளவு. என்னுடைய மஞ்சள் நுரைப்பாயைப் பார்த்து, “அண்ணே, இதைச் சுருட்டிக் கட்டிக்கொண்டா வந்தீர்கள்?” என்று கேலி செய்தார். உண்மையில் என் பாயும் நானூறு கிராம்தான், இடம்தான் அடைக்கும்.

இரவு ஒன்றரை மணி. “அண்ணே, தூங்கிவிட்டீர்களா?” என்ற குரல். பற்கள் கிடுகிடுத்தன. “கீழேயிருந்து குளிர் ஏறுகிறது. என்ன செய்தும் நிற்கவில்லை.” கையைத் தொட்டேன், சில்லிட்டிருந்தது. என்னிடம் நுரைப்பாயோடு, அடியில் விரித்த தானே விரியும் பாய் ஒன்றும் இருந்தது. நுரைப்பாயை உருவி அவருடைய காற்றுப்பாயின் மேல் போட்டேன். காலியான முதுகுப்பைகளைக் கால்மாட்டில் விரித்தோம். சமையற்காரரை எழுப்பி வெந்நீர் வைத்து, மூடி இறுகப் பூட்டும் புட்டியில் ஊற்றி, காலுறைக்குள் திணித்து அவர் வயிற்றருகே வைத்தோம். வறுத்த நிலக்கடலையும் வெல்லமும் தின்னச் செய்தேன். உண்ட உணவும் உடலுக்கு விறகுதான். அரைமணியில் நடுக்கம் தணிந்தது. அதன்பிறகு அவர் உறங்கினார், நான்தான் உறங்கவில்லை. திருமணமாகி ஆறு மாதமே ஆன பிள்ளை அவர். அவருடைய வீட்டாருக்கு, ‘வாத்தியார் இருக்கிறார், பயமில்லை’ என்று சொல்லி அழைத்து வந்தவன் நான்.

காலையில் இருவருமாக அவருடைய உறக்கப்பையைப் புரட்டிப் பார்த்தோம். உட்புறம் தைத்திருந்த சிறு சீட்டில் மூன்று எண்கள் இருந்தன: 1, −4, −20. ஐரோப்பியத் தர அளவுப்படி முதல் எண் சராசரிப் பெண் ஒருவர் இதமாக உறங்கக்கூடிய வெப்பநிலை. இரண்டாவது, சராசரி ஆண் ஒருவர் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் எல்லை. மூன்றாவது எண் உறக்கத்திற்கானதே அன்று. ஆறு மணி நேரம் குளிரில் உயிர் போகாமல் கிடக்கலாம் என்பதற்கான எல்லை; அதிலும் விரல்கள் உறைபுண் காணலாம். பையின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது அந்த மூன்றாவது எண். பொய் அச்சிடவில்லை, ஆனால் எதை அச்சிடுவது என்று தேர்ந்திருக்கிறார்கள். ஆகவே வாங்கும்போது முதல் எண்ணை மட்டும் பாருங்கள். நீங்கள் செல்லும் இடத்தின் இரவு வெப்பநிலை அதற்குக் கீழே இறங்கக்கூடாது.

பாயின் கதை வேறு. உறக்கப்பை நம்மைச் சூடாக்குவதில்லை. நம் உடற்சூட்டை அதன் பஞ்சிலோ இறகிலோ அடைபட்ட காற்றுத்தான் தடுத்து வைக்கிறது. முதுகின்கீழ் அகப்பட்ட பகுதி நசுங்கிவிடுவதால் அங்கே காற்றில்லை, காப்பும் இல்லை. எனவே தரையின் குளிரைத் தடுப்பது பாயின் வேலை. உள்ளே காப்பு எதுவுமின்றி வெறும் காற்றை மட்டும் அடைத்த பாயில், அக்காற்றே உள்ளுக்குள் சுழன்று நம் சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். பாய்களுக்கு ஆர் மதிப்பு என்றோர் எண் கொடுக்கிறார்கள். அதை அளப்பதற்கு 2018இல் ஒரு பொதுத்தரமும் வந்துவிட்டது. சாதாரண நுரைப்பாய்க்கு ஏறக்குறைய 2. பனித்தரைக்கு 4 அல்லது 5 வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால், ஒன்றன்மேல் ஒன்று விரித்தால் எண்களைக் கூட்டிக்கொள்ளலாம். கணித ஆசிரியருக்கு இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். அதுதான் அன்று காலை எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி.

வாத்து மென்னிறகா செயற்கைப் பஞ்சா என்று பலரும் கேட்கின்றனர். உலர்ந்த கடுங்குளிருக்கு மென்னிறகு. எடைக்கு எடை அதற்கு நிகரில்லை. நனைந்தால் களிமண் உருண்டையாகிவிடும். மழைக்காட்டுக்குச் செயற்கைப் பஞ்சு. நம் சமவெளி முகாமுக்கு இரண்டும் வேண்டாம். ஒரு கைலியும் கொசுவலையும் போதும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எரிவாயு அடுப்பு கொண்டுசெல்வோர் கலத்தில் உள்ளது என்ன வாயு என்று பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் நீண்ட கலங்களில் பெரும்பாலும் பியூட்டேன்; அது −0.5 பாகைக்குக் கீழே ஆவியாகாது, அடுப்பு எரியாது. ஐசோபியூட்டேன் −11.7 வரை தாங்கும். புரொப்பேன் −42 வரை. குளிருக்கு அவற்றின் கலவையே உகந்தது. எந்த அடுப்பையும் மூடிய கூடாரத்துக்குள் எரிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. நுண்குழாய் நீர்வடிகட்டி ஒருமுறை உறைந்துவிட்டால் உள்ளே வெடித்துவிடும், பார்வைக்குத் தெரியாது. இரவில் அதையும் கைப்பேசியையும் உறக்கப்பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். நீர்ப்புட்டியைத் தலைகீழாக வைத்தால் பனி அடிப்பக்கம் கட்டும். காலையில் மூடி திறக்கும். இதை எங்களுக்குக் கற்பித்தவர் சாங்க்ரி வழிகாட்டி.

பனிநாட்டு உடைக்குப் பெரிய கடைகளுக்குச் செல்லுமுன் பண்டல் கடைகளுக்குச் செல்லுங்கள். ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்த பழைய ஃபிலீஸ் சட்டைகளையும் இறகு மேலங்கிகளையும் அங்கே குவித்து வைத்திருக்கிறார்கள். நம் ஊர் வெயிலில் எவரும் சீண்டுவதில்லை. என் மேலங்கி முப்பத்தைந்து வெள்ளி. ஒரு பெரிய அங்கியைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லவை: வியர்வையை உறிஞ்சாத உட்சட்டை, நடுவே ஃபிலீஸ், வெளியே காற்றும் மழையும் தடுப்பது. ஏறும்போது கழற்ற வேண்டும், நின்றவுடன் போட வேண்டும். வியர்த்தபின் கழற்றினால் காலம் கடந்துவிட்டது.

அந்தப் பழைய பட்டியலை 2012இல் திருத்தி எழுதினேன். ரப்பர் சப்பாத்து அல்லது வீட்டிலுள்ள பழைய விளையாட்டுக் காலணி. பள்ளிப்பை, புத்தகங்களை எடுத்துவிட்டால் அதுவே இரண்டு இரவுக்குப் போதும். கறுப்புக் குப்பைப் பை இரண்டு. போர்வை ஒன்று. நுரைப்பாய்களைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாக இருபது வாங்கி அறையில் வைத்தோம், கைவிளக்குகளும் அவ்வாறே. தாளின் அடியில், ‘எதையும் புதிதாக வாங்க வேண்டாம், இல்லாததை ஆசிரியரிடம் சொல்லுங்கள்’ என்று எழுதினேன். புறப்படும் நாளில் தராசு ஒன்றை வாசலில் வைத்து ஒவ்வொருவர் பையையும் நிறுத்தோம். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பிள்ளைகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. முகாம் பைகள் பெரும்பாலும் அதற்குள் அடங்கின. மறுவாரம் அதே தராசில் பள்ளிப்பைகளை நிறுத்தபோதுதான் பல பைகள் தாண்டின! அதைத் தலைமையாசிரியரிடம் காட்டினேன் என்பது வேறு கதை.

ஆனால் 2012இல் அவன் எங்கள் பள்ளியில் இல்லை. இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்டான். அந்த முகாம் அவனுக்குப் போனதுதான்.

சென்ற தீபாவளிக்கு அவன் என் வீட்டிற்கு வந்திருந்தான். சிங்கப்பூரில் குளிர்சாதனப் பழுது வேலை. நிறுவனம் பயிற்சிக்காகத் தென்கொரியாவுக்கு அனுப்புகிறதாம், ஜனவரியில். “ஐயா, அங்கே −10 போகும் என்கிறார்கள். கடையில் மேலங்கி எழுநூறு வெள்ளி சொல்கிறான். என்ன வாங்குவது?” என்று கேட்டான். வா என்று அழைத்துக்கொண்டு ஈப்போவில் எனக்குத் தெரிந்த பண்டல் கடைக்குப் போனேன். ஒரு மணி நேரம் குவியலைக் கிளறினோம். கரும்பச்சை நிறத்தில் ஒன்றை எடுத்தான். கையில் தூக்கி எடை பார்த்தான். தையலை இழுத்துப் பார்த்தான். உட்புறத்தைப் புரட்டிச் சிறு சீட்டிலிருந்த கொரிய எழுத்துகளில் எண்களை மட்டும் தேடிப் படித்தான். வாத்து இறகு எண்பது விழுக்காடு என்று கைப்பேசி மொழிபெயர்த்துக் காட்டியது. நாற்பது வெள்ளி சொன்னார்கள். என்னைப் பணம் கொடுக்க விடவில்லை.

“அம்மாவுக்கும் ஒன்று பார்க்கலாம் ஐயா. அடுத்த வருடம் கேமரன் மலைக்கு அழைத்துப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் குவியலுக்குள் கையை விட்டான்.